நிலாவெளிக்கு மேலே ஒரு சோதனை

இரண்டாயிரம் அடி உயரத்தில் சிவகுருநாதன் பயிற்சி விமானத்தின் திறொட்டிலைச் சட்டென்று பின்னுக்கு இழுத்தார். எஞ்சினின் இரைச்சல் அடங்கி, காற்றின் சத்தம் மட்டும் மிஞ்சியது.

“எஞ்சின் நிண்டிட்டுது எண்டு வையும். எங்க இறக்கப்போறீர்?”

பக்கத்து இருக்கையில் லக்சாயினி. வயது இருபத்து நான்கு. இன்று தேறினால் நாளைக்குத் தனியாகப் பறக்கலாம். ஓடுபாதையைத் தாண்டுமுன்பே இரண்டு தடவை அவர் அவளைத் தேறவில்லை என்று இறக்கியாயிற்று. மூன்றாம் தடவையும் தவறினால் பள்ளி அவளை வீட்டுக்கு அனுப்பிவிடும்.

கீழே நிலாவெளிக் கடற்கரை. இடத்தைத் தெரிந்தெடுத்தவர் அவர்தான்.

சீனக்குடாப் பக்கம் இருந்த அந்தச் சின்ன விமானப் பள்ளியில் பதினொரு வருடமாக இதுதான் அவருடைய வழக்கம். சோதனை நாளில் மாணவர்களை அவரவர் ஊருக்கு மேலே கொண்டுபோய் எஞ்சினை அடக்குவார். சொந்தச் சனத்தைக் கண்டால் கை நடுங்கும். கை நடுங்குகிறவர்கள் விமானம் ஓட்டக் கூடாது என்பது அவருடைய சட்டம். எந்தப் புத்தகத்திலும் அது இல்லை.

குறிஞ்சாக்கேணிக்கு மேலே வைத்து, உம்மாவின் வீட்டுக் கூரையைக் கண்டதும் றிப்தி என்ற மாணவன் அழுதுவிட்டான். அந்தக் கதையை அவர் தேநீர் நேரத்தில் நடித்தே காட்டுவார். யார் சிரிக்கவில்லை என்றும் பார்த்து வைத்துக்கொள்வார். மனிதர் அப்படித்தான்.

லக்சாயினியின் படிவத்தில் தகப்பன் பெயர் யோகராசா, தொழில் கரைவலை, ஊர் நிலாவெளி என்று இருந்தது. அவருக்கு அது போதுமாக இருந்தது. அவள் சிறுவயதிலிருந்தே நகரத்தில், ஓர்ஸ் ஹில்லில் பெரியம்மாவோடு இருக்கிறாள் என்பதும் அதில் இருந்தது. அதை அவர் பொருட்படுத்தவில்லை.

அவள் வேகத்தைச் சரிசெய்து, விமானத்தின் மூக்கைக் காற்றுக்கு எதிராகத் திருப்பினாள்.

“தண்ணி விளிம்பு, சேர். ஈர மணல்தான் இறுக்கமா இருக்கும்.”

சரியான பதில். காய்ந்த மணலில் சில்லுப் புதைந்து விமானம் கவிழ்ந்துவிடும். சரியாகச் சொல்லிவிட்டாளே என்று அவருக்கு எரிச்சல் வந்தது.

“அங்க சனம் வலை இழுக்குது. சிவப்புத் தொப்பியோட நிக்கிறது ஆர்?”

“அப்பா.”

கந்தோரில் படிவம் நிரப்புகிறவர் கேட்டதற்குப் பதில் சொல்வது போலச் சொன்னாள்.

ஐந்நூறு அடியில் இந்தப் பயிற்சியை நிறுத்தி மேலே ஏற வேண்டும். நிறுத்தச் சொல்வது ஆசிரியரின் வேலை. அவர் சொல்லவில்லை. மற்றவர்கள் எல்லாம் எழுநூறு அடியிலேயே கெஞ்சத் தொடங்கிவிடுவார்கள். இவளும் கெஞ்சட்டும் என்று காத்திருந்தார்.

நானூறு அடி.

அவருக்கு முன்னாலும் ஒரு சுக்கான் இருந்தது. எந்த நேரமும் பிடித்திருக்கலாம். பிடித்தால் முதலில் பயந்தவர் அவர் என்றாகிவிடும். அந்த வீம்பில் கைகளை மடியிலேயே வைத்திருந்தார்.

முந்நூறு அடி. வலைக் கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். வேடிக்கை காட்டுகிறார்கள் என்று நினைத்து இரண்டொருவர் கையசைத்தார்கள். பிறகு அசைத்த கைகள் அப்படியே நின்றன.

இருநூறு அடி. சிவப்புத் தொப்பிக்காரர் கயிற்றை விட்டுவிட்டு ஓடினார்.

முதலில் ஓடியவர் அவர்தான். அவர் விட்ட வேகத்தில் கயிறு கடலுக்குள் இழுபட, அதே கயிற்றைப் பிடித்திருந்த ஒரு பெண் குப்புற விழுந்தாள். அவர் அவளைத் தாண்டிக்கொண்டு பனைகளின் பக்கம் ஓடினார். திரும்பிப் பார்க்கவில்லை. வேறு யாரோ ஒரு கிழவர்தான் வந்து அவளைத் தோளில் பிடித்து இழுத்தார்.

சிவகுருநாதனின் கை திறொட்டிலுக்குப் பாய்ந்தது. அங்கே லக்சாயினியின் கை ஏற்கெனவே இருந்தது. அவள் அதை முழுதாக முன்னுக்குத் தள்ளினாள். விமானம் உறுமிக்கொண்டு, சிதறி ஓடிய தலைகளுக்கு மேலால் ஏறிப் போனது.

விமானம் ஆயிரம் அடியைத் தொட்டது.

சோதனைத் தாளை அவர் முழங்காலில் விரித்தார். வேகம் சரி. திசை சரி. இடம் சரி. ஐந்நூறு அடிக்குக் கீழே போனது பிழை, ஆனால் நிறுத்தச் சொல்லாதவர் அவர்தானே. அதை எந்தக் கட்டத்தில் எழுதுவது? தேறினாள் என்று எழுதிக் கையெழுத்து வைத்தார். கையெழுத்துக் கோணிப்போனது.

அதற்குப் பிறகுதான் அவருக்குக் கோபம் வந்தது.

“உமக்கென்ன விசரோ? உம்மட அப்பர் ஓடாமல் நிண்டிருந்தா என்ன செய்திருப்பீர்?”

அவள் எண்ணெய் அழுத்தத்தைப் பார்த்தாள். உயரத்தைப் பார்த்தாள். துறைமுகத்தின் பக்கம் மெல்லத் திருப்பினாள்.

“சுனாமி அண்டைக்கு, பிள்ளையளைத் தூக்குங்கோ எண்டு அம்மா கத்தக் கத்த, இவர் திரும்பியும் பாராமல் ஓடினவர் எண்டு பெரியம்மா சொல்லுறவ, சேர். பெரியம்மா பொய் சொல்லுறா எண்டு நான் இவ்வளவு நாளும் அவவோட சண்டை பிடிச்சனான்.”