மேயரின் பதில்

“இனிமே அந்தாளு கடிதம் ஒண்ணுகூட நம்ம பேப்பர்ல வரக்கூடாது. புரிஞ்சுதா கடிதாசி?”

ஆசிரியர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். கண்ணாடியைக் கழற்றினால் பேச்சு முடிந்தது என்று அர்த்தம். ஆனால் வாசகர் கடிதப் பக்கத்தைப் பதினோரு வருடமாகக் கட்டி மேய்த்தே ‘கடிதாசி’ என்று பட்டப்பெயர் வாங்கியவள் அவ்வளவு சுலபத்தில் நகர்கிற ரகமில்லை.

“அப்படி என்ன சார் தப்பா எழுதிட்டாரு? ரிட்டயர் ஆன பஸ் டிரைவர். மேயரைக் கேள்வி கேக்கறாரு. மேயரும் நாலு வருஷமா ஒண்ணு விடாம பதில் போடறாரு. அதைப் படிக்கறதுக்குன்னே பேப்பர் வாங்கறவங்க இருக்காங்க.”

“கேக்கறது இருக்கட்டும். கேக்கறவரு பாலத்துக்கு அந்தப் பக்கமாச்சே!”

பாலத்துக்கு அந்தப் பக்கம் என்றால் கறுப்பு மக்கள். இந்தப் பக்கம் வெளுத்த தோல்காரர்கள். நடுவில் ஓடுகிற ஆற்றைத் தவிர ஊரில் எல்லோருக்கும் இது அத்துப்படி. எழுதுகிறவரின் பெயரோடு தெருவையும் போடுவது பத்திரிகையின் வழக்கம். அதனால் டிரைவரின் கடிதம் வந்த மறுநாளே அவர் நிறத்தைத் திட்டி ஒரு கட்டுக் கடிதம் வந்து விழும். கடிதாசி அதை அப்படியே குப்பைக்கூடையில் போடுவாள்.

ஆசிரியர் குரலைத் தாழ்த்தினார். “மேயரே போன் பண்ணிட்டாரு. ‘அந்தாள் எழுதறது விமர்சனம் இல்ல, இனவெறி. எலக்ஷன் நேரம், அடியோட நிறுத்துங்க’ன்னு சொல்லிட்டாரு. பாவம், அப்பா அம்மா முகம் தெரியாம அநாதையா வளர்ந்து மேல வந்த மனுஷன். மேடைக்கு மேடை சொல்றாரே, கேட்டிருப்பியே.”

கடிதாசி அந்தக் கடிதங்களை மனசுக்குள் புரட்டிப் பார்த்தாள். நாலு வருடத்தில் நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை எழுதாத ஒரே ஆள் அந்த டிரைவர்தான். ‘பொது ஆஸ்பத்திரி வரிசை தெருவரைக்கும் நிற்கிறது. முழங்கால் வலி வந்தால் மேயர் அங்கே காட்டுவாரா?’ என்று கேட்டிருந்தார். ‘காட்டினேன். வரிசையில் நின்றுதான் காட்டினேன். இப்போது வலி இல்லை’ என்று மேயர் பதில் போட்டார். ‘மாநகராட்சிப் பள்ளியில் தன் பிள்ளையைச் சேர்ப்பாரா?’ என்று இன்னொரு தடவை. ‘என் மகள் அங்கேதான் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்திருக்கிறாள்’ என்று பதில். இதில் இனவெறி எங்கே வந்தது?

டிரைவரிடம் போன் கிடையாது. ஒரு கார்டில் எழுதிப் போட்டுவிட்டுக் கைகழுவ அவளுக்கு மனசு வரவில்லை. மறுநாள் காலை பாலத்தைத் தாண்டிப் போனாள்.

மூன்றாவது மாடியில் ஒற்றை அறை. ஆணியில் மங்கிப்போன காக்கிச் சட்டை, சுவரில் வெளுத்த முகமுள்ள ஒரு பெண்ணின் படம், கட்டிலில் எலும்பும் தோலுமாக டிரைவர்.

“கடிதப் பக்கத்து அம்மாவா! வாங்க, வாங்க. உக்காருங்க.” எழுந்து உட்காரப் பார்த்தார். இருமல் விடவில்லை. அவள் படத்தைப் பார்ப்பதைக் கவனித்துச் சிரித்தார். “என் சம்சாரம். உங்க பக்கத்துப் பொண்ணு. என்னைக் கட்டினதுக்கு அவங்க வீட்டுல கடைசி வரைக்கும் எட்டிப் பாக்கல. போய்ச் சேர்ந்து இருபது வருஷமாச்சு.”

“உடம்புக்கு என்னய்யா?”

“இந்த மாசம் தாண்டறது கஷ்டம்னு டாக்டர் சொல்லிட்டாரு. அவரைச் சொல்லிக் குத்தமில்ல, வண்டி ரொம்பப் பழசு.”

கடிதாசி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். “ஐயா, நான் வந்தது எதுக்குன்னா... இனிமே உங்க கடிதம்...”

“நல்ல வேளை, நீங்களே வந்துட்டீங்க. மாடி இறங்கித் தபால் பெட்டிக்குப் போக முடியல.” தலையணைக்கு அடியிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். கோணல் எழுத்தில் இரண்டே வரி.

‘மேயர் ஒரு தடவையாவது பாலத்தைத் தாண்டி எங்கள் பக்கம் வருவாரா? இந்த மாதத்துக்குள் வந்தால் நல்லது.’

“ஓட்டுக் கேக்கக்கூட இந்தப் பக்கம் வரமாட்டேங்கறாரும்மா. எப்படியும் போட்டுடுங்க. அவரு நான் கேட்ட எதுக்கும் பதில் போடாம இருந்ததில்ல.”

அவளால் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. கண் கலங்குவதை மறைக்க, கட்டில்மேல் கிடந்த பழைய ஆல்பத்தை எடுத்துப் புரட்டினாள். பக்கம் பக்கமாகப் பத்திரிகைத் துண்டுகள், ஓரம் பிசகாமல் வெட்டி ஒட்டியவை. எல்லாம் மேயரின் பதில்கள்.

“உங்க கடிதம் ஒண்ணையும் காணோமே ஐயா?”

“நான் எழுதினது எனக்குத் தெரியாதா? அவரு எழுதினதுதானே வேணும்.” மறுபடி இருமல் வந்தது. சுவர்ப் பக்கமாகத் திரும்பிப் படுத்துக்கொண்டு கேட்டார். “பதில் வரும்லம்மா?”

“வரும்யா,” என்று சொல்லிக்கொண்டே ஆல்பத்தை மூடப் போனவள், முதல் பக்கத்தில் நின்றுவிட்டாள்.

அதில் ஒரு போட்டோ. பஸ்ஸின் டிரைவர் சீட்டில் காக்கிச் சட்டையோடு கறுத்த இளைஞன். அவன் மடியில் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, முழங்காலில் கட்டுப் போட்ட ஒரு வெளுத்த பையன். ஊரெங்கும் தேர்தல் போஸ்டரில் சிரிக்கிற அதே முகம், அதே கன்னக்குழி.

கீழே அதே கோணல் எழுத்து: ‘என் மகன், ஏழு வயது. கீழே விழுந்துவிட்டான். இனி இந்தக் கால் அடிக்கடி வலிக்கும் என்கிறார் டாக்டர்.’