கவுண்டருக்கு அடியில்

"இந்த வாரத்துல இது நாலாவது தடவை! கம்ப்யூட்டர் நின்னு போச்சு, நின்னு போச்சுன்னு கவுண்டர் அம்மா ஒரே புலம்பல். நீ அதுல பழுது இல்லைன்னு மட்டும் எழுதிக் குடுப்பா. அந்தம்மாவை இன்னிக்கே வீட்டுக்கு அனுப்பிடறேன்" என்றார் ஆஸ்பத்திரி மேனேஜர்.

எனக்கும் எரிச்சல்தான். ஊர்ப்பட்ட ரிப்பேர் வேலை காத்துக் கிடக்க, இந்த எமர்ஜென்சி கவுண்டர் அம்மாவுக்காக நாலு தடவை அலைந்திருக்கிறேன். வேலைக்கு டிமிக்கி கொடுக்க இப்படி ஒரு வழியா!

டூல் பாக்ஸோடு கவுண்டருக்கு அடியில் புகுந்தேன். ஒயர், பிளக் எல்லாம் கல்லு மாதிரி இருந்தன. மேலே அந்தம்மா பாட்டுக்கு வேலை பார்த்துக்கொண்டிருந்தார். கீழ் இடைவெளியில் வருகிறவர்களின் கால்கள் மட்டும் தெரிந்தன.

பளபளவென்று ஷூ ஒன்று வந்து நின்றது.

"இன்சூரன்ஸ் கார்டு குடுங்க சார்."

டகடகவென்று டைப் அடிக்கும் சத்தம்.

"ஆச்சு சார், உள்ள போங்க."

ஆகா, நல்லாத்தானே ஓடுது! 'பழுது இல்லை' என்று எழுதப் பேனாவைத் திறந்தேன்.

அறுந்த செருப்பு ஒன்று ஓடி வந்தது.

"அக்கா, புள்ள மூச்சு விட முடியாம திணறுதுக்கா!"

"கார்டு இருக்காம்மா?"

"இல்லக்கா. முன்பணம் கட்டவும் வழியில்ல. ரெண்டு ஆஸ்பத்திரியில திருப்பி அனுப்பிட்டாங்க."

அந்தம்மாவின் நாற்காலி முன்னால் நகர்ந்தது. பிறகு என் மூக்குக்கு நேராக ஒரு கால் நீண்டது. எட்டவில்லை. செருப்பை உதறிவிட்டு, எக்கி, கட்டை விரலால் சுவர் ஸ்விட்சை அழுத்தியது. டக்!

"அய்யய்யோ, கம்ப்யூட்டர் போச்சே! கம்ப்யூட்டர் இல்லைன்னா முதல்ல வைத்தியம், அப்புறம்தான் கார்டு, பணம் எல்லாம். அதான் இங்க ரூல். நீ உள்ள ஓடும்மா!"

செருப்பு ஓடியது. அப்புறம்தான் என் ஞாபகம் வந்திருக்க வேண்டும். அந்தம்மா குனிந்து பார்த்தார். முகம் வெளிறிப் போயிருந்தது. நான் திறந்த பேனாவை மூடினேன்.

கொஞ்ச நேரத்தில் உள்ளே குழந்தை வீல் வீலென்று அழுதது. அப்பாடா, மூச்சு வந்துவிட்டது!

மேனேஜர் வந்து நின்றார். "என்னப்பா, பழுது இருக்கா, இல்லையா?"

"இருக்கு சார். பழைய மெஷின், அடிக்கடி நிக்கத்தான் செய்யும். அந்தம்மா பாவம், என்ன பண்ணுவாங்க?"

"சரி பண்ண முடியாதா?"

"சின்ன வேலை ஒண்ணு பாக்கி. பத்து நிமிஷத்துல முடிச்சிடறேன்."

மறுபடி அடியில் புகுந்து அந்த ஸ்விட்சைக் கழற்றி, அந்தம்மாவின் கட்டை விரலுக்குச் சுலபமாக எட்டுகிற மாதிரி, ஒரு சாண் இந்தப் பக்கமாக மாட்டிவிட்டு வந்தேன்.