திரும்பி வந்த சைக்கிள்

மோட்டார் சைக்கிள் வாங்கின சந்தோசப் புளுகத்தில் பிரகலாதன் குறிஞ்சாக்கேணி நஸ்ரிக்கு விற்ற மவுண்டன் சைக்கிள், திரும்பவும் அவரிடமே வந்து சேர்ந்தது. கியர் இறுகி, பிரேக் கம்பி அறுந்து, உப்புக்காற்றில் துருவேறிக் கிடந்தது.

"விற்றதை ஏன் திரும்ப வாங்கினீங்கள்?" என்றாள் மனைவி தயாளினி.

"சீனி வருத்தத்துக்கு டொக்டர் சைக்கிள் ஓடச் சொன்னவர். இது பழகின சைக்கிள். திருத்தி ஓடுவன்."

அன்புவழிபுரத்திலிருந்து துறைமுகத்தடிச் சைக்கிள் கடைக்கு அதை உருட்டிக்கொண்டே போனார்.

"இதுக்குச் செயின் இல்லை, நாளைக்கு வாங்கோ" என்றார் கடைக்காரர்.

மறுநாள் செயின் இருந்தது, பிரேக் கம்பி இல்லை. சைக்கிளைக் கடையில் விட்டுவர மனம் வரவில்லை. நல்ல சாமானைக் கழற்றிவிடுவார்கள் என்று பயம். அந்த வெயிலில் போகவும் உருட்டல், வரவும் உருட்டல். ஒவ்வொரு நாளும் "இனி ஏலாது" என்று கதிரையில் விழுந்தார். மாதக்கணக்கில் இதே அலைச்சல்.

ஒருவழியாகச் சைக்கிள் மினுங்கிய அன்று கிளினிக் நாள். திருத்தினபின் முதல்தடவையாக அதில் ஏறி அங்கே போனார்.

இரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்த டொக்டரின் முகம் மலர்ந்தது. "சீனி நல்லா இறங்கியிட்டுது! சைக்கிள் ஓடச் சொன்னனான்தானே, விடாமல் ஓடியிருக்கிறீங்கள். இவ்வளவு நாளும் செய்ததையே இனியும் செய்யுங்கோ."

வீட்டுக்கு வந்ததும் பிரகலாதன் குறடொன்றை எடுத்துச் செயினைக் கழற்றினார்.

"ஐயோ, இப்பதானே பூட்டினனீங்கள்!" என்று ஓடி வந்தாள் தயாளினி.

"ஓம்." பெருமூச்சு விட்டார். "நாளைக்கும் உருட்டவேணுமே!"