எட்டாவது இடம்

"இன்னிக்கும் அந்த மகராசன் வாயைத் திறக்கலையா சார்?"

சின்னவள் கேட்டதும், கண்ணாடி ஜன்னலுக்குப் பின்னால் இருந்த கிளார்க் உதட்டைப் பிதுக்கினார்.

"சேர்றேன்னும் சொல்லல, வரலைன்னும் சொல்லல. வெள்ளிக்கிழமை வரைக்கும் அவனுக்கு டைம் இருக்கு. நான் என்னம்மா பண்ணட்டும்?"

ஆறு நாளாக இதே பதில்தான்.

விஷயம் இதுதான். அந்தப் பல்கலைக்கழகத்தின் வணிக மேலாண்மைப் படிப்பில், வேறு கல்லூரியிலிருந்து மாறி வருகிறவர்களுக்கு எட்டே எட்டு இடம். போட்டி போட்டவர்கள் முந்நூற்றுச் சொச்சம் பேர். ஏழு பேர் சேர்ந்தாயிற்று. எட்டாவது இடம் கிடைத்தவனை ஆளையே காணோம். காத்திருப்போர் பட்டியலில் முதல் பெயர் சின்னவளுடையது.

"தானும் சேர மாட்டான், அடுத்தவங்களுக்கும் விட மாட்டான். மனுஷனா அவன்? நல்லா இருப்பானா?"

பொரிந்து தள்ளிக்கொண்டே வந்து பெஞ்சில் தொப்பென்று உட்கார்ந்தாள்.

"மெதுவாடி! ஆறு நாளா உன்னைச் சுமக்குது, பாவம்" என்றாள் துணைக்கு வந்த அக்கா.

சின்னவளுக்குச் சிரிப்பு வரவில்லை. எதிரே வகுப்பறைக் கதவு பாதி திறந்திருந்தது. நன்றாக ஓடிய ஒரு செருப்புக் கம்பெனி ஏன் படுத்துவிட்டது என்று உள்ளே காரசாரமாக விவாதம் நடந்தது.

"கடையை அதிகமா திறந்துட்டாங்க. அதான்" என்று இவள் இங்கிருந்தே முணுமுணுத்தாள்.

அதே பதிலை உள்ளே ஒருத்தி சொன்னாள். பேராசிரியர் பாராட்டினார்.

சின்னவளுக்கு அழுகையே வந்துவிட்டது. அவளுடைய கல்லூரியில் மூன்று பாடத்துக்கும் ஒரே வாத்தியார். அவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்ள வேண்டியதுதான், எதிர்க்கேள்வி கிடையாது.

"பாருக்கா, மூணாவது வரிசையில ஒரு நாற்காலி சும்மா கிடக்கு. ரெண்டு வருஷமா இதைத்தான் கனவு கண்டேன். பத்தடி தூரத்துல இருக்கு, போய் உட்கார முடியல."

அக்கா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

மறுநாள் இவர்கள் வருவதைப் பார்த்ததுமே கிளார்க் கையசைத்துக் கூப்பிட்டார்.

"சீட்டு உனக்குத்தாம்மா!"

சின்னவளுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. அக்காவைக் கட்டிக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றினாள்.

"ஒருவழியா அந்த மகராசனுக்கு மனசு வந்துச்சா சார்?"

"அப்படிச் சொல்லாதம்மா. அவங்க அப்பா ஆஸ்பத்திரியில இருக்கார். தேறி வந்துட்டா நாமளும் வந்து சேர்ந்துடலாம்னு நம்பிக்கிட்டு இருந்திருக்கான். நேத்து நீங்க கிளம்பிப் போனதுக்கப்புறம் நேர்ல வந்தான். இன்னும் டைம் இருக்கே தம்பி, பொறுத்துப் பாருன்னேன். யாராவது காத்திருக்காங்களா சார்னு கேட்டான். ஒரு பொண்ணு தினமும் வந்து பெஞ்சுல உட்கார்ந்திருக்குன்னேன். அவ்வளவுதான். எனக்கு வேண்டாம்னு அங்கேயே எழுதிக் கொடுத்துட்டுப் போயிட்டான்."

சின்னவள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"ஐயோ, வாய்க்கு வந்தபடி திட்டித் தீர்த்தேனே! அவன் நல்லா இருக்கணும் சார். இந்தக் காலத்துல யாருக்கு இப்படி மனசு வரும்?"

கண்ணைத் துடைத்துக்கொண்டே சேர்க்கைப் படிவத்தில் கையெழுத்துப் போட்டாள்.

வெளியே வந்ததும் அக்கா சொன்னாள்:

"கையோட அந்த இன்னொரு யுனிவர்சிட்டிக்கும் வரலைன்னு எழுதிடுடி. உனக்கு அங்க இடம் கொடுத்து ஒரு மாசமாச்சு. பட்டியல்ல ஆள் காத்திருக்காங்க, சீக்கிரம் முடிவு சொல்லுங்கன்னு மூணு தடவை மெயில் போட்டுட்டாங்க."

சின்னவள் கொஞ்சம் யோசித்தாள்.

"இப்ப என்னக்கா அவசரம்? அதுக்குத்தான் மாசக் கடைசி வரைக்கும் டைம் கொடுத்திருக்காங்களே. அதுபாட்டுக்கு நம்ம பேர்ல இருந்துட்டுப் போகட்டும்!"