பத்து வாளி

“ஆறு. இன்னும் நாலு கிடக்கு. இழு.”

கிணற்றடியில் கதிரையைப் போட்டு உட்கார்ந்தபடி சின்னராசா எண்ணினான். கப்பிக் கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தவள் அவன் மனைவி நாகேஸ்வரி. ஒவ்வொரு இழுவைக்கும் அவள் முகம் சுருங்கியது. ஏழாவது வாளியில் கண் கலங்கிவிட்டது.

வேலிக்கு இந்தப் பக்கம் பல் விளக்கிக்கொண்டு நின்ற முத்துலிங்கத்துக்கு அதைப் பார்க்கச் சகிக்கவில்லை.

முரசுமோட்டையில் அந்த இரண்டு வளவுக்கும் கிணறு ஒன்றுதான். யுத்தம் ஓய்ந்து சமாதானம் வந்து பாதை திறந்து ஊர் திரும்பியபோது, இரண்டு குடும்பமும் சேர்ந்து இறைத்துத் துப்புரவாக்கிய பங்குக் கிணறு. அங்கே நடக்கிற எதுவும் தன் கண்ணுக்குத் தப்பாது என்பது முத்துலிங்கத்தின் எண்ணம்.

நாகேஸ்வரிக்குத் தோள் பிடித்தது மாசி அரிவுவெட்டில். கதிர்க்கட்டைத் தூக்கித் தலையில் வைக்கும்போது சுளீரென்று ஏதோ இழுத்தது. பிறகு வலக்கை மேலே எழும்பவில்லை. அன்றைக்கு முதலில் ஓடிப்போனவர் முத்துலிங்கம்தான். கையை அசைக்கவே கூடாது என்று சொல்லி, தன் தோளில் கிடந்த துவாயாலேயே கழுத்தோடு சேர்த்துக் கட்டிவிட்டார். அவளும் சொல் கேட்டு ஒன்றரை மாதம் கையைக் கட்டியபடியே வைத்திருந்தாள்.

அவர் மனைவி தவமலரும் சும்மா இருக்கவில்லை. பின்னேரமானால் சீப்பும் கையுமாக அந்த வளவுக்குப் போய்விடுவாள். கை ஏலாதவளுக்குத் தலை இழுத்துவிட இப்படி ஒரு அயல் கிடைக்குமா என்று முத்துலிங்கம் சந்தையில் நாலு பேருக்குச் சொல்லியும் இருக்கிறார்.

அப்படிக் கை ஏலாமல் கிடந்தவளைப் போய் இந்தப் பாவி தண்ணீர் அள்ள வைக்கிறான். ஒரு நாளா, இரண்டு நாளா? ஒரு மாதமாகக் காலையும் மாலையும் இதே கூத்து. இப்படியே போனால் அந்தக் கை ஒரேயடியாகப் போய்விடும், அடுத்த போகத்துக்கு அவள் அரிவாள் பிடிக்கமாட்டாள் என்று அவருக்குப் பயமாகவே இருந்தது.

“எட்டு.”

அதற்குமேல் பொறுக்க முடியவில்லை. தவமலர் விடியவே அள்ளி நிரப்பி வைத்திருந்த தொட்டியில் ஒரு கோப்பை மொண்டு வாயைக் கொப்பளித்தார். வேலிப் பொட்டு இடைவெளிக்குள்ளால் புகுந்து நேரே கிணற்றடிக்குப் போனார்.

“சின்னராசா, நீர் மனிசனோ? கை ஏலாத பொம்பிளையைத் தண்ணி அள்ள விட்டுப்போட்டு, ராசா மாதிரி இருந்து எண்ணுறீர்.”

சின்னராசா எழும்பிக் கதிரையை அவர் பக்கம் நகர்த்தினான். “இருங்கோ அண்ணை. இன்னும் ரெண்டுதான்.”

“அந்த ரெண்டையும் நான் அள்ளுறன். விடு பிள்ளை.”

நாகேஸ்வரியின் கையிலிருந்து கயிற்றைப் பறித்து, நிறைவாளிக்கு வேண்டிய பலத்தையெல்லாம் போட்டு இழுத்தார். கயிறு பாரமே இல்லாமல் விர்ரென்று வந்தது. முத்துலிங்கம் பின்பக்கமாகச் சரிந்து, அந்தக் கதிரையிலேயே போய்க் குந்திவிட்டார்.

வாளிக்குள் ஒரு செம்புத் தண்ணீர்கூட இல்லை.

நாகேஸ்வரி சிரிப்பை அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. சின்னராசாதான் விளங்கப்படுத்தினான். கிளிநொச்சி ஆசுபத்திரியில் காட்டினார்களாம். அங்கே பயிற்சி கொடுக்கிற மிஸ், இழுபட்ட தசை இரண்டு மூன்று வாரத்தில் ஆறியிருக்கும், அதற்குப் பிறகும் கட்டி வைத்ததால்தான் தோள் இறுகிப்போனது என்று சொன்னாராம். இனிச் சுடுதண்ணீர் ஒத்தடம் கொடுத்து, மெல்ல மெல்ல அசைத்துத்தான் எடுக்க வேண்டும். அதற்கென்று அந்த அறையில் ஒரு கயிறும் கப்பியும் கட்டியிருந்ததாம். இது எங்கள் கிணற்றடியிலேயே இருக்கிறதே என்று நாகேஸ்வரி சொன்னாளாம். அப்படித்தான் இந்த வெறும் வாளி வந்தது. காலையில் பத்து, பின்னேரம் பத்து. கொஞ்சம் நொந்தால் பரவாயில்லை, குத்தினால் நிற்பாட்டிவிட வேண்டும்.

“எண்ணச் சொல்லி மிஸ் என்னட்டைத்தான் பொறுப்புத் தந்தவா அண்ணை. விட்டால் இவள் ஒரே நாளிலை சுகமாக்கிறன் எண்டு ஐம்பது இழுப்பாள். வீட்டுத் தண்ணியை நான் விடிய முதலே அள்ளி வைச்சிடுவன்.”

முத்துலிங்கத்துக்குக் காது சுட்டது. துவாயால் கட்டிவிட்டது யார் என்று அவர்கள் இருவரும் ஒரு சொல் சொல்லவில்லை. அதுதான் அவருக்கு இன்னும் கூடுதலாக நொந்தது. தான் அவசரப்பட்டுக் கதைத்துவிட்டதாகச் சொல்லி எழும்பினார்.

அவரைத் தேற்றுவது போல நாகேஸ்வரி வலக்கையை மெல்ல உயர்த்திக் காட்டினாள். கை காதைத் தாண்டிப் போனது. முத்துலிங்கத்துக்கு உண்மையாகவே சந்தோசம் வந்தது.

“நல்லது பிள்ளை. இனித் தவமலர் வந்து தலை இழுத்துவிடத் தேவையில்லை.”

நாகேஸ்வரி சின்னராசாவைப் பார்த்தாள்.

“அண்ணை, வாற வியாழன் அக்காவையும் எங்களோடை ஆசுபத்திரிக்கு அனுப்பிவிடுங்கோவன்.”

“ஏன், அவளுக்கு என்ன?”

“உங்கட தொட்டிக்கு நாளுக்கு நாற்பது வாளி அள்ளுறா. அது வெறும் வாளி இல்லை அண்ணை.” அவள் குரலைத் தாழ்த்தினாள். “அவா சீப்போடை வாறது எனக்குத் தலை இழுக்க இல்லை. அவாக்குத் தலைக்குமேலை கை தூக்கேலாது. நான்தான் இடக்கையாலை அவாக்கு இழுத்துவிடுறனான்.”