சுத்தத் தண்ணி

"பாத்திரத்துல என்னத்தடி தடவின?"

வரலட்சுமி போட்ட சத்தம் தெருக்கோடி வரைக்கும் கேட்டது.

கிணற்றடியில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த கன்னியம்மாள், கையில் சாம்பலும் தேங்காய் நாருமாக அப்படியே எழுந்து நின்றாள். வரலட்சுமியின் இரண்டு வயதுப் பிள்ளை கன்னியம்மாளின் முந்தானையைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

"நான் என்னம்மா தடவப் போறேன்?"

"பொய் சொல்லாத. ரெண்டு மாசமா எனக்கு வயித்தப் புடிச்சு முறுக்குது. அவருக்கும் அதே. பெரியவ ஜெயம் சுருண்டு சுருண்டு படுத்துக்கறா, பள்ளிக்கூடமே போறதில்ல. உனக்கு மட்டும் ஒண்ணும் இல்ல. இவனுக்கும் இல்ல. இவன் மேல உனக்கு உசுரு. இவன விட்டுட்டு எங்களுக்கு மட்டும் மருந்து வச்சிட்ட!"

குடல்பூச்சி மருந்து, கஷாயம், மந்திரித்த கயிறு எதற்கும் வலி மசியவில்லை. 'வேலைக்காரி மேல ஒரு கண்ணு வை' என்று எதிர்வீட்டுக்காரி சொல்லிவிட்டுப் போனது வரலட்சுமியின் மனசில் முள்ளாகத் தைத்திருந்தது.

கன்னியம்மாள் வாதாடவில்லை.

"சாமி சத்தியமா இல்லம்மா" என்று ஒரே தடவை சொன்னாள். கையைக் கழுவினாள். குழந்தையின் விரல்களை மெதுவாகப் பிரித்து முந்தானையை விடுவித்துக்கொண்டாள். கொல்லைக் கதவு வழியாகப் போய்விட்டாள்.

பிள்ளை அவளைத் தேடித் தேடி அழுதான். நாலு நாளில் அடங்கிவிடுவான் என்று வரலட்சுமி நினைத்தாள். அடங்கவும் செய்தான்.

மருந்து வைத்தவள் என்ற பேர் தெருவெல்லாம் பரவியது. யாரும் அவளை வாசலில் சேர்க்கவில்லை.

வலி மட்டும் போகவில்லை.

பிள்ளையும் வெளுக்க ஆரம்பித்தான். சோறு இறங்கவில்லை. பழகின நாலு வார்த்தையும் குறைந்துபோனது. சித்திரை வெயிலில் ஒரு மத்தியானம் கண் செருகி, கைகால் வெட்டி இழுத்தது. வாரிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள்.

டாக்டர் பிள்ளையைப் பார்த்தார். பிறகு வரலட்சுமியைப் பார்த்தார்.

"நீங்க வாயத் திறங்க."

பல் ஈறின் ஓரத்தில், மை தீட்டினாற்போல நீலக் கோடு. அவள் புருஷன் பலராமனுக்கும் அதே கோடு இருந்தது.

"உங்க வூட்டுல தண்ணிக்கு என்ன குழாய்?"

"ஈயக் குழாய் டாக்டர்" என்றார் பலராமன். "பிரெஞ்சுக்காரர் கட்டின வீடு. அவங்க ஊருக்குக் கெளம்பினப்ப வாங்கினேன். மாடித் தொட்டியிலேருந்து சமையல்கட்டுக்கு வருது."

"தொட்டியில என்ன தண்ணி?"

அந்த நிலையிலும் பலராமன் குரலில் ஒரு பெருமை எட்டிப் பார்த்தது. "முன்னல்லாம் கெணத்துத் தண்ணி. பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது, செம்பெல்லாம் வெள்ளையாப் படியும். அதனால தொட்டியப் பெரிசாக் கட்டி, ஐப்பசி கார்த்திகை மழை மொத்தத்தையும் புடிச்சு வச்சேன். இப்ப குடிக்க, சமைக்க எல்லாம் மழைத் தண்ணிதான். அவ்ளோ சுத்தம்!"

"அந்தச் சுத்தம்தான் வினையாப் போச்சு. கெணத்துத் தண்ணியில இருந்த சுண்ணாம்பு, குழாய்க்குள்ள பூச்சு வேலை செஞ்ச மாதிரி படிஞ்சிருக்கும். ஈயம் தண்ணியில கலக்காம அதுதான் காத்துச்சு. மழைத் தண்ணியில சுண்ணாம்பு கெடையாது. அது அந்தப் பூச்சக் கரைச்சிட்டு ஈயத்தையே அரிச்சு எடுத்துடும். ராத்திரியெல்லாம் குழாயில நின்ன தண்ணியக் காலையில புடிச்சுக் குடிச்சிருக்கீங்க. அது விஷம்."

பலராமன் சுவரில் சாய்ந்துகொண்டார்.

"பிள்ளை?" என்றாள் வரலட்சுமி.

"பொழச்சுக்குவான். மூளையில எவ்வளவு தொட்டிருக்குன்னு வளர வளரத்தான் தெரியும்." டாக்டர் நெற்றியைத் தேய்த்தார். "ஒண்ணுதான் எனக்கு வெளங்கல. இந்த விஷம் சின்னக் கொழந்தையத்தான் மொதல்ல புடிக்கும். உங்களுக்கெல்லாம் வலி வந்தப்ப இவன் மட்டும் எப்படித் தப்பிச்சான்?"

வரலட்சுமிக்குக் கண்முன்னால் நின்றது ஒரே ஒரு முகம். பழி ஏற்று, ஒரே ஒரு சத்தியம் மட்டும் செய்துவிட்டுப் போன முகம்.

மறுநாள் விசாரித்துக்கொண்டு பெரிய மார்க்கெட்டுக்குப் போனாள். மீன் கடைகளின் பின்னால் கன்னியம்மாள் கழிவை அள்ளிக் கூடையில் போட்டுக்கொண்டிருந்தாள். உடம்பு பாதியாகியிருந்தது. வரலட்சுமியைக் கண்டதும் பதறி எழுந்து, மேலே பட்டுவிடாமல் இரண்டடி தள்ளி நின்றாள்.

"கன்னியம்மா..." வழியெல்லாம் கோத்து வைத்த மன்னிப்பு அப்படியே நின்றுபோனது. "சின்னவன் ஆஸ்பத்திரியில கெடக்கறான்டி."

கன்னியம்மாள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"எல்லாம் என்னாலதாம்மா!"

வரலட்சுமிக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"அன்னிக்கே சொல்லியிருக்கணும். பயந்துட்டேன்" என்று அழுதாள் கன்னியம்மாள். "பகலெல்லாம் கொழந்த எங்கிட்டயேதான் கெடக்கும். தண்ணி தண்ணின்னு அழும். நீங்க முடியாமப் படுத்திருப்பீங்க. உங்க சமையல்கட்டுல நான் கால் வைக்கக் கூடாது, உங்க குழாயத் தொடக் கூடாது. எனக்குன்னு தெருக்குழாயில புடிச்சு வச்ச கொடத்துத் தண்ணியத்தாம்மா குடுத்தேன். நான் கொண்டாந்த கூழத்தான் ஊட்டினேன். எங்க கையித் தண்ணிய உங்க புள்ளைக்குக் குடுத்த தீட்டுதாம்மா உங்க குடும்பத்தையே இப்படிப் போட்டு ஆட்டுது. என்ன மன்னிச்சிடுங்கம்மா!"