எதிர்க்கடைக் கொத்து

காத்தான்குடியில் இருபது வருடமாக நின்ற நிலையிலேயே கொத்துரொட்டி போட்டவர் முத்தலிப். காலில் சுருண்டு புடைத்த நரம்புகளுக்குச் சிகிச்சை முடிந்து வீட்டில் இருந்தார்.

"தினமும் நடக்கணும், ஒரே இடத்துல நிக்கக் கூடாதுண்டு டொக்டர் சொன்னாரே" என்று மனைவி ஸஹீதா இறுக்கமான காலுறையை மாட்டிவிட்டாள்.

"கடை பூட்டிக் கிடக்கு. நம்மட ஆக்கள் இப்ப எங்க சாப்பிடுறாங்க?"

ஸஹீதா சற்றுத் தயங்கினாள். "எல்லாரும் இல்ஹாம்ட கொத்துதான் சாப்பிடுறாங்க."

முத்தலிப் காலுறையை வெடுக்கென்று மேலே இழுத்துவிட்டார். நேர் எதிரே கடை போட்டு, பத்து வருடமாக அவரோடு போட்டி போடுகிறவன் இல்ஹாம். அவன் முகத்தில் விழிக்கப் பிடிக்காமல் தினமும் வாவிக்கரைப் பக்கமாகவே நடந்தார்.

காலின் கனம் குறைந்த ஒரு மாலையில், மனம் கேளாமல் கடைத்தெருவுக்குத் திரும்பினார். இல்ஹாமின் கடை பூட்டியிருந்தது. முத்தலிப்பின் கடையில்தான் கூட்டம். அங்கே, அடுப்படியில் வியர்வை வழிய இல்ஹாம் கொத்திக்கொண்டிருந்தான்.

அவரைக் கண்டதும் கை நின்றது.

"என்ட கடைய பகல்ல பாக்குறன், முத்தலிப் நானா. பின்னேரம் இங்க வாறன். ஒங்களுக்குத் தெரிஞ்சா விடமாட்டீங்கண்டுதான் ஸஹீதா ராத்தாட்ட சாவி வாங்கினன். ஒங்கட ஆக்கள் கலைஞ்சு போனா, சுகமாகி வந்து நீங்க யாருக்குக் கொத்துற?"

முத்தலிப் ஒரு கதிரையில் அமர்ந்தார். இன்னொன்றை இழுத்துக் காலைத் தூக்கி வைத்துக்கொண்டார்.

"எனக்கும் ஒண்டு போடு, தம்பி. இத்தின வருசத்துல ஒன்ட கொத்த நான் திண்டு பார்த்ததே இல்ல."